காய்ச்சல் தோட்டத்து மாப்பிள்ளை

வழியில் கேட்கும் பேச்சை எழுதி வைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது, ஜொகூர் பாரு ரயிலில் எதிரே இருந்தவர் இப்படிச் சொன்னபோதுதான்:

"பொண்ணு வீட்ல எங்க தோட்டம்னு பக்கத்துத் தோட்டத்துப் பேரச் சொல்லிட்டு வந்துட்டேன், மச்சான்."

தம்பிக்குக் குளுவாங்கில் பெண் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்.

"பின்ன? அந்தக் காய்ச்சத் தோட்டத்துக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எங்க தோட்டத்துக்கே வந்துருன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்றார் பக்கத்தில் இருந்த மச்சான்.

"இப்ப ஏது காய்ச்சல்? கொசு அண்டாம வாராவாரம் தண்ணி தேங்குற கானுக்கெல்லாம் மண்ணெண்ண ஊத்துறவன் நான். இந்த வருசம் எங்க லயத்து வீடுகள்ல ஒரு புள்ளகூட காய்ச்சல்ல படுக்கல. அத விட்டுட்டு வரச் சொல்றியா?"

"ஊரு நம்பணுமேப்பா."

"நானே பேர மறச்சா ஊரு எங்க நம்பும்?"

 கூலாயில் வண்டி நின்றதும் அண்ணன்காரர் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"அலமாக்! எங்க எறங்குற?"

"திரும்பப் போயி உண்மையச் சொல்லப் போறேன். பொண்ணோட அப்பாவக் கையோட கூட்டியாந்து ரெண்டு நாளு எங்க லயத்துல தங்க வைக்கிறேன். ஒரு கொசு கடிச்சாலும் பொண்ணு வேணாம்."