பெரட்டில் வாசித்த வெப்சைட்

அவிசாவளையில் யட்டியாந்தோட்டை பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும், கொழும்பிலிருந்து பையோடு வந்திறங்கிய அவள் தம்பியும். ஆர்மி செக்பாயிண்ட் தாண்டும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் தமிழில் யார்தான் பேசுவார்கள்? தாண்டியதும் அக்கா மெதுவாகச் சொன்னாள்:

“ஒன் வெப்சைட்ட நேத்து பெரட்டுல வாசிச்சாங்க.”

பெரட்டு என்றால் விடிந்ததும் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். அங்கே எதையாவது வாசித்தால் அது ஏசுவதற்குத்தான்.

“தோட்டத்துல யாருகிட்டக்கா கம்ப்யூட்டர் இருக்கு?”

“டவுன்ல பிரிண்ட் எடுத்திருக்காங்க. ‘லயத்து வீடுகளுக்குப் பைப் போட்டாச்சுன்னு பிரதேச சபை மெம்பர் சொல்றாரு, தண்ணி எங்கன்னு எல்லாரும் அவர்கிட்டயே கேளுங்க’ன்னு எழுதியிருக்கியே, அத மெம்பரோட ஆளு, நம்ம யூனியன் தலைவர், சத்தமா வாசிச்சாரு. ‘இப்படிக் கேக்கிறவங்க கைய தூக்குங்க’ன்னாரு.”

“யாரும் தூக்கலதானே?”

“அம்மா தூக்கிருச்சு.”

“அம்மாவா? அதுக்கு எழுதப் படிக்கவே தெரியாதே!”

“‘எழுதினது நெசந்தானே, தண்ணி எங்க?’ன்னு கேட்டுச்சு. இன்னிக்குக் கணக்கப்பிள்ளை அதுக்கு வேலை குடுக்காம திருப்பி அனுப்பிட்டாரு.”

“இஸ்ஸரஹட்ட யன்ன” என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்திக்கொண்டே நின்றவர்களை முன்னால் தள்ளினான். அவன் ஒதுங்கியதும் தம்பி அக்கா பக்கம் சாய்ந்தான்.

“எறங்கினதும் டவுன்லயே அத அழிச்சிடுறேன்க்கா.”

“அழிச்சுதான் பாரேன்,” என்றாள். “அம்மா பொய் சொன்னதா ஆயிரும்.”