பாய்ந்து பிடித்த தேங்காய்

புருசெத் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மடியில் கோயில் பையை வைத்திருந்தவர் திடீரென்று கேட்டார்:

“அக்கா, சிதறு தேங்காயை ஒராள் பாய்ஞ்சு பிடிச்சால், அது பிள்ளையார் கணக்கிலை சேருமோ?”

“ஆரடி பிடிச்சது?”

“எங்கடை இவர்தான். இருபது வருசம் கழகத்துக்குக் கோல் கீப்பரா நிண்ட மனுசன். முழங்கால் போனதோடை விளையாட்டு முடிஞ்சுது. இப்ப வெள்ளிக்கிழமையிலை கோயிலிலை டுக்னாட் எண்டு சம்பளமில்லாத் தொண்டு. உடைஞ்ச சிரட்டையெல்லாம் கூட்டி அள்ளுறது. நான் தேங்காயை ஓங்கி எறியிறன், இவர் விளக்குமாத்தைப் போட்டிட்டுப் பறந்து வந்து, ரெண்டு கையாலையும் பிடிச்சு, நெஞ்சோடை அணைச்சபடி கல்லுக்கு முன்னாலை கிடக்கிறார்.”

“ஐயோ! சனம் என்ன செய்தது?”

“கை தட்டினது. ஐயருந்தான் தட்டினவர். பிறகு எழும்பி, பழக்கதோசத்திலை அதைக் காலாலை அடிக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பறிச்சனான்.”

அவர் பையைத் திறந்து காட்டினார். குடுமியோடு முழுத் தேங்காய் இருந்தது. நான் கைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். இறங்கும் இடம் வந்தும் எழும்பவில்லை.

“சரி, என்ன வேண்டி எறிஞ்சனீ?”

“இவரின்ரை முழங்கால் சுகமாகி, முந்தி மாதிரிப் பாயவேணுமெண்டு.”

அக்கா தேங்காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“எடியேய், அப்ப பிள்ளையார் தந்திட்டார். இனித்தான் இதைக் கட்டாயம் உடைக்கவேணும். கோயிலுக்கு வரேக்கை மனுசனை வீட்டிலை கட்டிவைச்சிட்டு வா.”