ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு பொத்தான்

உங்கள் ஜீப் மூன்றாவது கியரில் போகும்போது அடியில் ஒரு முனகல் கேட்கிறது, ஐயா. என்னை ஏற்றிக்கொண்டு வந்த வழியெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பின்சக்கரத்து பேரிங்தான். இந்தச் சங்கடமெல்லாம் தீர்ந்ததும் விராலிமலையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவையுங்கள், அரை நாளில் மாற்றித் தந்துவிடுகிறேன்.

சரி, சவரியப்பன் அண்ணன் கொடுத்த புகாருக்கு வருவோம். எந்தப் பிரிவில் எழுதுவது என்று ரைட்டர் தலையைச் சொறிகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் யாரையும் அடிக்கவில்லை, யார் வீட்டிலும் புகவில்லை. ஒரு வண்டியை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அண்ணன் ஜெகதாப்பட்டினத்தில் நண்டு வியாபாரி. எல்லாம் உயிர் நண்டு. ஈரச் சாக்கில் பொதிந்து திருச்சி விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வழியில் செத்தால் சீந்த ஆளில்லை. லோடு ஆட்டோவில் குலுங்கியே பாதி செத்துவிடுகிறது என்று, கோயம்புத்தூரில் யாரிடமோ ஒரு ஸ்டேஷன் வேகனைப் பிடித்து வந்தார். கார்தான்; ஆனால் பின்பக்கம் நீண்டுகொண்டே போகும். சீட்டை மடக்கினால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். துறைமுகத்தில் அதற்கு நீட்டு வண்டி என்று பெயர். டர்போ என்ஜின். வெளியே போகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றிவிடும், அந்த விசிறி என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் இழுவை கூடும். இவ்வளவு தெரிந்தால் போதும், மேற்கொண்டு நான் சொல்வது புரியும்.

வந்தபோது அது கரும்புகை கக்கிக்கொண்டு, போகிற இடமெல்லாம் எண்ணெய்க் கோலம் போட்டது. எனக்கோ பார்த்தவுடனே பிடித்துப்போனது. இப்போதைய பையன்கள் முதலில் பவரை ஏற்றிவிட்டு, அப்புறம் என்ஜின் வெடித்துவிட்டது என்று குய்யோ முறையோ என்பார்கள். நான் அப்படிச் செய்கிறவன் இல்லை. முதலில் ரேடியேட்டரைப் பெரிதாக்கினேன். எண்ணெய்க் குழாய்களை மாற்றினேன். கனமான கிளட்ச் போட்டேன். கடைசியில்தான் டர்போவில் கை வைத்தேன். நாலு வழிச் சாலையில் முதல் ஓட்டம் விட்டபோது ஐயா, சிரிப்பை அடக்க முடியவில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறவனைப் பார்த்துச் சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுக்கிற செவந்திகூட என்ன விசேஷம் என்று கேட்டாள்.

அண்ணனிடம் ஒரே ஒரு குறை, கால் கனம். எழுந்ததும் எழாததுமாக, குளிர்ந்த என்ஜினைப் போட்டு மிதிப்பார். போய்ச் சேர்ந்ததும் டர்போ ஆற விடாமல் சட்டென்று சாவியை அணைப்பார். எத்தனை முறை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிஸ்டன் ரிங் எல்லாம் தேய்ந்து, நான் பார்த்துப் பார்த்துச் செய்தது குரங்கு கையில் பூமாலையாகப் போனது. எனக்கு அழுகையே வந்தது. மறுபடி முழுவதும் பிரித்துப் புது ரிங் போட்டேன். அப்போது ஸ்டியரிங்குக்கு அடியில், தடவிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும் அகப்படுகிற இடத்தில், ஒரு பொத்தானும் வைத்தேன். அதை அழுத்தினால் முழு இழுவை. அழுத்தாவிட்டால் பாதிதான்.

அண்ணனிடம் பொத்தானைப் பற்றிச் சொல்லவில்லை. புது ரிங் என்ஜினோடு உரசிப் படிந்து இன்னும் பழகவில்லை, அதுவரை இழுவை குறைவாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

"எம்புட்டு நாளைக்கிடா இப்புடி மாட்டு வண்டியா ஓட்டுறது?" என்றார்.

"ரிங்கு பழகுனா அதுவா தெறந்துக்கிரும்ணே. அதுவரைக்கும் பொறுமையா ஓட்டுங்க."

யாருக்கும் நஷ்டமில்லை. அவர் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்பினார், நண்டும் உயிரோடு போய்ச் சேர்ந்தது. சர்வீஸுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பொத்தானை அழுத்தி மதுரைப் பக்கம் ஒரு வட்டம் போய்வருவேன். வண்டிக்கும் ஒரு ஆசை இருக்காதா? திரும்பியதும் பொத்தானை விடுவித்து, கழுவித் துடைத்து, சாதுவாக ஒப்படைத்துவிடுவேன்.

ஷர்லி மதினிக்கு நடந்ததும் எளிமையான விஷயம்தான். அண்ணனின் மனைவி, நண்டுக்குக் கால் கட்டிச் சாக்கில் அடுக்குவது அவர்தான். அன்றைக்கு வலையோடு வந்த கடல் பாம்பு ஒன்று நண்டுக் கூடைக்குள் கிடந்திருக்கிறது. அது கடித்தால் வலிக்காது, முள் குத்தின மாதிரி இருக்கும். மதினி கையை உதறிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இமை சரிந்து, நாக்கு குழறியிருக்கிறது. நீட்டு வண்டியின் பின்பக்கம் படுக்கவைத்து அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மூச்சு இழுக்க மிஷின் வேண்டும், அது இங்கே இல்லை, புதுக்கோட்டைக்குக் கொண்டுபோங்கள், ஆம்புலன்ஸ் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றிருக்கிறார்கள். அங்கிருந்துதான் அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

நான் கீரனூரில் ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் இருந்தேன்.

"நாகராசு, ஆம்புலன்ஸுக்கு இருக்கவா, நம்ம வண்டியிலயே போயிரவா? ரிங்கு பழகிருச்சா? நம்பிப் போகலாமா?"

"தாராளமாப் போங்கண்ணே. நடுவழியில நிக்கவே நிக்காது" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சாம்பார் சோறு முடிவதற்குள் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"வண்டி இழுக்க மாட்டேங்குதுடா. பின்னாடி வந்த பஸ்ஸு எங்கள முந்திப் போயிருச்சு. ஒங்க மதினிக்கு மூச்சு அடைக்கிதுடா. ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லுடா தம்பி."

வழி இருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விடுங்கள் என்று சொன்னால் போதும். சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அவர் காலைப் பற்றித்தான் உங்களிடம் சொன்னேனே. அந்தப் பதற்றத்தில் முழு இழுவையையும் கையில் கொடுத்தால் என்ஜின் என்னத்துக்கு ஆகும்?

"காலப் போட்டு அழுத்தாதீங்கண்ணே. அப்புடியே ஒரே சீராப் போங்க" என்றேன்.

பிறகு பாயசம் வந்தது. நன்றாகவே இருந்தது, எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மதினிக்கு மூச்சு நின்றுவிட்டது. சற்று முந்தி வந்திருந்தால் மிஷின் வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அடக்கத்துக்குப் போனேன். தேம்பித் தேம்பி அழுதேன், அது நடிப்பில்லை. அண்ணனுக்கு அதன் பிறகு வண்டியைக் கண்ணால் பார்க்கப் பிடிக்கவில்லை. "இங்கிட்டு நிக்க வேணாம், நீயே எடுத்துட்டுப் போயிரு" என்று சாவியை என் கையில் வைத்தார். அவர் துக்கத்தில் கொடுத்ததை எப்படி மறுப்பது? அறந்தாங்கி தாண்டியதும் பொத்தானை அழுத்தினேன். மழை பெய்து கழுவிவிட்ட ரோடு. வண்டி வெண்ணெய் மாதிரி போனது, ஐயா.

அதோடு முடிந்திருக்கும். போன வாரம் அண்ணன் திருச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். கீரனூர் தாண்டி ஒரு மேட்டில் அந்த பஸ்ஸை நான் முந்திப் போயிருக்கிறேன். எனக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்.

"அன்னைக்கி இழுக்காத வண்டி இன்னைக்கி எப்புடிடா இழுக்குது?"

நேருக்கு நேர் கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் கையைப் பிடித்துப் பொத்தான் இருக்கிற இடத்தில் வைத்தேன். அவர் அழுத்தினார். விடுவித்தார். மறுபடி அழுத்தினார். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார். பொத்தான் கெட்டுவிடப் போகிறதே என்று நான்தான் மெதுவாகக் கையை எடுத்துவிட்டேன்.

"ரிங்கு பழகலன்னுதானடா சொல்லாம இருந்த? அதுனாலதான?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டானா என்று கேட்கிற மாதிரி இருந்தது. ஆமாம் என்றேன். பிறகு என்ன நினைத்தாரோ, என் சட்டையைப் பிடித்துக் கத்தினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து விலக்கிவிட்டார்கள்.

நீங்கள் அதிகாரி, உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. ரிங் எப்போதோ பழகிவிட்டது, ஐயா. மதினியைப் பாம்பு கடிப்பதற்கு வெகுநாள் முன்பே, ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களிலேயே பழகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் தாங்குகிற மாதிரிதான் அதைக் கட்டியிருந்தேன். பொத்தானைச் சொன்னால் மதினி பிழைத்திருப்பார், அது எனக்குப் பந்தியில் இருக்கும்போதே தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் அண்ணன் தினமும் அதை அழுத்தியே ஓட்டுவார், எனக்கென்று மிச்சம் இருக்காது. வண்டி அப்புறம் முழுக்க அவருடையதாகிவிடும்.

இதை அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. எனக்கும் அண்ணனுக்கும் எப்போது வாய்த்தகராறு வந்தாலும் மதினிதான் என் பக்கம் பேசி முடித்துவைப்பார். இந்த நேரம் பார்த்து அவர் இல்லாமல் போனதுதான் எனக்குக் குறை.