சின்னன் ஆசிரியரும் தகரக் கொட்டகைக் காந்தங்களும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினரே, கான் தெ மாஸ்க் ஊர்ப் பெரியோர்களே, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும், சின்னன் ஆசிரியரின் துணைவியார் ருக்மணி அக்கா அவர்களே, கடைசி பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை பார்வதியின் வணக்கம். என்னுடையது கோயிலில் கற்ற தமிழ். நடுவில் நம் தெருப் பேச்சான கிரியோல் புகுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆறாம் வகுப்பு ஆசிரியர், திரு. மருதை சின்னன் அவர்கள், வக்குவாவில் இருக்கும் தங்கையைப் பார்க்க ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினார். திங்கட்கிழமை வகுப்புக்கு வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். தலை நரைக்காத மனிதர்! இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது?

அவரைப் புகழ்ந்து பேசும்படி என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். ஆனால் எதைச் சொல்லிப் புகழ்வது என்பதில்தான் எனக்குக் குழப்பம். இரண்டு ஆண்டுகளாக ஒரே கொட்டகை, நடுவில் ஒரு துணித் திரை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவர் பேசியதெல்லாம் என் காதில் விழும். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒரே பதில். "மோ பா கோனே." எனக்குத் தெரியாது! ஓர் ஆசிரியர் சொல்லக்கூடிய பதிலா இது?

அறுபதாம் ஆண்டுப் புயல் நம் பள்ளிக் கூரையைக் கரும்புத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டதே, மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகுதான் தகரக் கொட்டகை. தகரச் சுவரில் ஆணி அடித்தால் ஓட்டை, ஓட்டை வழியாக மழை. அதனால் ஆணியே கூடாது என்று உத்தரவு. தேசப்படம் மாட்ட வழியில்லை. காற்று வந்தால் கதவு அடித்துக்கொள்ளும் சத்தத்தில் பாடம் யாருக்கும் கேட்காது. அதே புயலில் சினிமாக் கொட்டகை ரொஜேயின் ஒலிபெருக்கிகளும் உடைந்து போயின. அவற்றிலிருந்து கழற்றி அவர் வீச இருந்த காந்தங்களைச் சின்னன் ஆசிரியர் ஒரு சாக்கில் கட்டி வந்து மேசைமேல் கொட்டினார்.

"இதெல்லாம் எதுக்கு மிஸ்யே?" என்றார்கள் பிள்ளைகள். ஐயா என்பதற்குக் கிரியோலில் மிஸ்யே.

"மோ பா கோனே. இங்க உங்களுக்கு என்னென்ன தொல்லை? அதை முதல்ல சொல்லுங்க."

சொன்னார்கள், செய்தும் காட்டினார்கள்! தேசப்படத்தின் நான்கு மூலையிலும் காந்தம் வைத்துத் தகரத்தோடு ஒட்டினார்கள். ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை. தரைப் பலகை இடுக்கில் விழுந்த பேனா முள்ளை நூலில் கட்டிய காந்தத்தால் தூக்கினார்கள். கதவில் ஒன்று, நிலையில் ஒன்று வைத்தார்கள். கதவு அடித்துக்கொள்வது நின்றது. அவர் என்ன செய்தார்? நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்!

பிறகு ஒரு மழை நாளில் பள்ளி விட்டதும், தாய்மார் வரும் வரை முதல் வகுப்புக் குழந்தைகளை அந்தக் கொட்டகையில் உட்காரவைத்தோம். கதவு மூடிக்கொண்டது. அந்தக் காந்தத்தை மீறித் தள்ளக் குழந்தைகளுக்குத் தெம்பில்லை. உள்ளே ஒரே அழுகை. சின்னன் ஆசிரியர் ஓடிவந்து இழுத்துத் திறந்தார். மறுநாள் அதில் ஒரு குழந்தையின் தாய் காமாட்சியம்மா மற்ற தாய்மாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மிஸ்யே, அந்தச் சனியனப் பிடுங்கிப் போடுங்க!"

அவர் தம் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? காத்துக்குத் திறக்கக் கூடாது, சின்னப் பிள்ளைக்குத் திறக்கணும். என்ன செய்யலாம்?"

எனக்குக் கோபம் வந்தது. திரையை விலக்கிக் கேட்டேன். "நீங்களே பிடுங்கிப் போட்டா என்ன?"

"அது அவங்க வச்ச கதவு, மிஸ். அவங்களே பார்க்கட்டும்."

சிவகாமி என்ற பெண் பழைய அட்டையைக் கிழித்து இரண்டு காந்தங்களுக்கும் நடுவில் ஒட்டினாள். ஒன்று போதவில்லை, இன்னொன்று ஒட்டினாள். பிடி தளர்ந்தது. காற்றுக்கு அசையாத கதவு குழந்தையின் கைக்குத் திறந்தது! காமாட்சியம்மா நான்கு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இப்போது என் கேள்வி. அந்த விடை சின்னன் ஆசிரியருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? போன வாரம் துக்கம் கேட்கப் போனபோது ருக்மணி அக்காவின் அடுக்களை அலமாரியைத் திறந்தேன். உள்ளே காந்தம், அதன்மேல் அட்டை! "இது எப்ப வச்சது அக்கா?" என்றேன். "பள்ளிக்கூடக் கதவுக்கு முந்தியா பிந்தியான்னு ஞாபகம் இல்லியே, பார்வதி" என்கிறார். தெரிந்துகொண்டே தெரியாது என்றாரா? பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தாரா? ஞானியா, சோம்பேறியா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காமலே அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை! திரைக்கு அந்தப் பக்கம் இப்போது சத்தமில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிக்கும்படி குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். புதுக் கட்டடம் தயார். விடுமுறையில் தகரக் கொட்டகையைப் பிரித்துவிடுவோம். காந்தங்களை அவர் படத்தோடு கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். இதை நான் அறிவிக்க வேண்டுமாம். அதற்காகத்தான் இந்தப் பெட்டியில் காந்தங்களுக்குக் குங்குமம் இட்டுப் பூச்சரம் சுற்றி வைத்திருக்கிறார்கள். பூட்டி வைப்பதுதான் தொடர்வதா? அன்பு கூர்ந்து யாராவது எனக்குச் சொல்லுங்கள்!

இன்று வாசலில் சிவகாமி என்னை மறித்தாள்.

"மிஸ், புதுக் கட்டடம் சிமெண்ட் சுவரு. காந்தம் ஒட்டலே. என்ன செய்யறது?"

நான் அந்தச் சுவரை எட்டிப் பார்த்தேன்.

"உங்களுக்கும் தெரியாதா? பரவால்ல மிஸ். காந்தத்தக் குடுங்க, நாங்க பார்க்கறோம்."

அவைத் தலைவர் ஐயா, கோபிக்காதீர்கள். புது ஆசிரியர் வரும் வரை ஆறாம் வகுப்பை நானே எடுக்கிறேன். எனக்கு விடை தெரியாது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவாவது பழகிக்கொள்கிறேன். சின்னன் ஆசிரியருக்கு நான் தரக்கூடிய உறுதி இவ்வளவுதான். அந்த அறிவிப்பை நான் படிக்கப் போவதில்லை.

சிவகாமி, எழுந்து மேடைக்கு வா. பயப்படாதே, வா. குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போ.