தலையில் இருந்தது புறா ரத்தம்

சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டபடி, நான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும், கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன். பெயர் வள்ளியாத்தாள், வயது பதினைந்து, தகப்பனார் அப்புசாமி, ஊர் கோவிந்தாபுரம், பத்தாம் வகுப்பு மாணவி. வருடம் 1976.

கடந்த ஞாயிறு காலை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாய்க்கால் மடையை அடைப்பது பற்றி என் தந்தைக்கும் பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமிக்கும் பேச்சு முற்றியது. "மடையத் தொட்டுப் பாரு, தெரியும்" என்று ஆறுச்சாமி மண்வெட்டியை ஓங்கியது உண்மை. ஆனால் அது இறங்கவில்லை. அதற்குள் என் தந்தையின் வலது கை தொங்கிவிட்டது, வாய் கோணியது, வரப்பில் சரிந்தார். மண்வெட்டியை எறிந்துவிட்டு ஆறுச்சாமிதான் தாங்கிப் பிடித்தார்.

அதன் பின் வீட்டில் என் தாயார் கமலாத்தாள், வாதத்துக்கு நல்லது என்று புறாவை அறுத்து, அதன் சூட்டு ரத்தத்தை அவருடைய வலப்பக்கத்திலும் உச்சந்தலையிலும் தேய்த்தார். அதன் பின் பொள்ளாச்சியிலிருந்து வந்த தாய்மாமன் நஞ்சப்பன், ரத்தம் தோய்ந்த தலையைப் பார்த்தவுடன் ஆறுச்சாமி வெட்டிவிட்டதாக ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். ஆறுச்சாமியைப் பிடித்து அடைத்தார்கள்.

அதன் பின் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தலையைக் கழுவினார்கள், காயம் இல்லை. நான் புறாவைப் பற்றிச் சொன்னேன். மாமா, "வெளிய இல்லீனா உள்ளாற பட்டிருக்கும். உங்கொப்பன் வாயில்லாமக் கெடக்கறான், நீ அந்த ஆறுச்சாமிக்கு வக்கீலாக்கும்?" என்றார்.

அதன் பின் கழுத்து ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றித் தலையை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அந்த மருந்து முகத்தில் தீயாய்ச் சுடும் என்று நர்ஸ் சொன்னார். சுட்டதா என்று தந்தையிடம் கேட்க வழியில்லை. டாக்டர் என்னிடம், "அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தா குழாயெல்லாம் மண்டை ஓட்டை விட்டு விலகி நிக்கும்மா. அப்போ மண்டையைத் திறந்து அந்த ரத்தத்தை எடுக்கணும். இங்க ஒண்ணும் விலகலை. இடப்பக்கம் பெரிய குழாய் ஒண்ணு பாதியில நின்னுபோச்சு, அடைப்பு. மூளையில இடப்பக்கம் அடைச்சா உடம்புல வலப்பக்கம் விழுந்துரும். ஆபரேஷன் வேண்டாம், கையும் பேச்சும் மெதுவாத்தான் வரும்" என்றார்.

ஆறுச்சாமி அடிக்கவில்லை. என் தந்தைக்குப் பேச்சு வந்தாலும் இதையே சொல்வார் என்று நினைக்கிறேன். ஆனால் அது என் நினைப்பு, நான் பார்த்தது அல்ல.

மேலே உள்ளதை ஆஸ்பத்திரியிலேயே மாமாவின் முன்னால் வாசித்துக் காட்டினார்கள். எழுதியவை யாவும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(ஒப்பம்) அ. வள்ளியாத்தாள்

பின்குறிப்பு: நான் ஒப்பமிட்ட பின் மாமா, "அந்தப் படத்த நானும் பாக்கோணுமுங்க" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கிட்டே போனார். படம் தெளிவாகத் தெரியும்படி டாக்டர் அறை விளக்கை அணைத்து, குழாய் நின்றுபோன இடத்தை விரலால் காட்டினார்.