நேராக நின்ற பிக்கப்

வாழவந்தி நாட்டுக்கு மலையேறும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏனுங்க, நீங்க வாங்கியாந்த பழைய பிக்கப்பு இடப்பக்கமாச் சாயுதுங்களே?"

"நம்ம வாசல் சரிவு, புள்ள."

"திருப்பி நிறுத்தியும் அதே இடப்பக்கந்தான் சாயுது. வாசலும் கூடவே திரும்பிக்கிச்சுங்களா?"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"வாங்கறப்ப நேராத்தான் நின்னுச்சு."

"அப்ப வண்டி காலியாவா இருந்துச்சு?"

"வலப்பக்கம் ஓரமா சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்துச்சு. வித்தவரே எறக்கிக்கிட்டாரு. தங்கமான மனுசன்."

பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. அந்தம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு மரவள்ளி ஏத்திக்கிட்டு இந்த வளைவுலதான எறங்கணும்? ஸ்பிரிங் பட்டையைச் சரி பண்ணாம நான் ஏற மாட்டேனுங்க."

"நாளைக்குள்ள எப்படிப் புள்ள முடியும்?"

"முடியாட்டி அந்தத் தங்கமான மனுசனையே கூட்டியாந்து வலப்பக்கம் உக்கார வெச்சுக்குங்க."