காலையில் மட்டும் நொண்டுகிறவள்

— முழங்கால் ரெண்டும் கடுக்குது. நாள் முழுக்க சாரத்துல நின்னாக்கூட இப்படி வலிச்சதில்ல. காலையில இருந்து இந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்தே வலிக்குது.

— வலிக்குதா? பொய். எந்திரிச்சு நாலு குடம் தண்ணிய மூணாவது மாடிக்குத் தூக்கு. தானாச் சரியாப்போயிடும்.

— குத்திக்காட்டாதடி.

— நீ சொன்னதுதானேய்யா? எட்டு வயசுப் புள்ளகிட்ட சொன்னே. தூக்கவும் வெச்சே.

— வேற என்ன நெனைக்கச் சொல்ற? காலையில எந்திரிக்க மாட்டா, நொண்டுவா, பள்ளிக்கூடம் வேணாம்பா. மத்தியானம் பாத்தா நம்ம வேலை நடக்குற எடத்துல மணல் குவியல்ல குதிச்சுக்கிட்டிருப்பா. டிமிக்கி குடுக்குறான்னுதான் தோணும்.

— செவுரு ஒரு விரக்கடை சாஞ்சா தெருமுனையில இருந்தே சொல்லிடுவே. பெத்த புள்ளைக்கு முட்டி வீங்குனது தெரியல. கொத்தனாராம் கொத்தனாரு!

— சித்தாளம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும். இரு, கதவு தொறக்குது. சிஸ்டர், எம் பொண்ணு?

— உள்ள இருக்கா. கண்ணுல மருந்து விட்டிருக்கோம். ரெண்டு பேரும் கேளுங்க. அவளுக்கு வந்திருக்கறது பிள்ளைங்களுக்கு வர்ற மூட்டுவாதம்.

— அது கெழடுகட்டைங்களுக்கு வர்றதாச்சே?

— சின்னதுங்களுக்கும் வரும். ராத்திரி பூரா அசையாமக் கெடந்த மூட்டு காலையில இறுகிப்போயிடும். நடமாட நடமாடத்தான் எளகும். மத்தியானம் குதிக்கத்தான் செய்வா. நடிப்பு இல்லய்யா.

— மட்டக்கோலால அடிச்சேன் சிஸ்டர். சரி, விடுங்க. காலுக்கு மருந்து இருக்குல்ல?

— இருக்கு, தேறிடுவா. கண்ணுதான் பயமா இருக்கு. இந்த நோய் சில பிள்ளைங்களுக்குக் கண்ணுக்குள்ளயும் எறங்கும். செவக்காது, வலிக்காது. அதனாலதான் மூட்டு வீங்குன உடனே கண்ணையும் காட்டச் சொல்றது.

— ரெண்டு கண்ணுமா?

— வலது கண்ண சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்திடலாம். இடது கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. இப்பத்தான் ஆரம்பிச்சதுன்னா ஏதாவது பண்ணலாம். மங்குதுன்னு முன்னாடி எப்பவாவது சொன்னாளான்னு டாக்டர் கேக்குறாரு.

— இல்ல சிஸ்டர். சொல்லியிருந்தா தூக்கிக்கிட்டு ஓடி வந்திருப்பேன்.

— கால் வலிக்குதுன்னப்ப தூக்கிக்கிட்டா ஓடுனே?

— அவர விடுங்கம்மா. உங்ககிட்ட சொன்னாளா?

— எங்கிட்ட அவ ஒண்ணும் மறைக்க மாட்டா.

— அப்ப சொல்லலியா?

— சொன்னா. ஜல்லி அள்ளிக்கிட்டிருந்தேன். "அம்மா, இந்தப் பக்கம் பொகையா இருக்கு"ன்னா. சிமெண்ட் தூசிடின்னு முந்தானையால தொடச்சுவிட்டேன். மறுநாளும் வந்தா. கால் கதை அப்பங்கிட்ட எடுபடலேன்னு கண் கதைய எங்கிட்ட கொண்டாந்தியான்னு முதுகுல ஒண்ணு வெச்சேன். அப்புறம் அவ சொல்லவே இல்ல.

— எத்தன மாசம் ஆச்சு?

— ஏழு.

— அடிப்பாவி! வழி நெடுக என்னைத்தானே கரிச்சுக் கொட்டுனே?

— உன்னைத் திட்டுற வரைக்கும் இதை நான் நெனைக்க வேண்டியதில்லய்யா.

— சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க. ஏழு மாசம்னு டாக்டர்கிட்ட சொல்லணும். ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க. யாராவது ஒருத்தர் உள்ள வாங்க, அவ அம்மாவத்தான் கேக்குறா.

— நீ போய்யா. அடிச்சதுக்கு நீ மன்னிப்புக் கேட்டுக்கலாம். நான் என்னத்தக் கேப்பேன்? எம் புள்ளைக்கு ஒரு கண்ணு நான் பாக்கி.